அலகில் ஏறிய கறுப்பு

திருவையாற்றைச் சுற்றி ஐந்து ஆறுகள்: காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. இங்கே ஷெஃபீல்டிலும் ஐந்து: டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவெலின். வந்த புதிதில் இதை விரல்விட்டு எண்ணி மனத்தைத் தேற்றிக்கொள்வேன். குளிரும் சாரலுமான ஊர்தான், ஆனாலும் ஐந்துக்கு ஐந்து. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

போன மாதம் பழைய சாமான் சந்தையில் ஒரு சமையல் கத்தி வாங்கினேன். மரக் கைப்பிடி. எட்டு அங்குல அலகு. எவர்சில்வர் இல்லை, அந்தக் காலத்துக் கார்பன் எஃகு. விற்றவர் அதைத் தேய் தேயென்று தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வெள்ளையை எனக்குத் தெரியும். இதே வெள்ளையை ஒரு நாள் என் கையால் நானே வரவழைத்திருக்கிறேன்.

அம்மாவின் அருவாமணையில்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். எங்களுடையது அம்மாவோடு சீராக வந்தது. பலா மரத்து மணை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி அடித்த அலகு. வளைந்து மேலே எழும்பி, நுனியில் தேங்காய் துருவுகிற பல்லோடு விரிந்திருக்கும். அம்மா ஒரு காலை மடக்கி மணையை அழுத்திக்கொண்டு, மறு காலை நீட்டி உட்காருவாள். கத்தி என்றால் அது காயைத் தேடிப் போக வேண்டும். அருவாமணையில் காய்தான் அலகைத் தேடி வரும். இரண்டு கையாலும் காயைப் பிடித்துக்கொண்டு, அலகைப் பார்க்காமலே, எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே நறுக்குவாள். வாழைத்தண்டை வில்லை வில்லையாகச் சீவும்போது நடுவில் வரும் நார் அவள் ஆள்காட்டி விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டே போகும். அந்த மோதிரத்தைக் கழற்றி என் விரலில் போடுவாள்.

அந்த அலகு கறுப்பு. வாய் மட்டும் ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளையாய் இருக்கும். வளைவின் அடியில், காய் அதிகம் படுகிற இடத்தில், கறுப்புக்குள்ளே நீலமும் ஊதாவும் புறாக் கழுத்து போல மினுங்கும். சின்ன வயதில் அதை அழுக்கு என்று நினைத்தேன்.

இரும்புக்கு இரண்டு விதமாக வயசாகும். சிவந்தும் ஆகலாம், கறுத்தும் ஆகலாம். சிவப்பு என்றால் துரு. அது புரைபுரையாக ஊதிப் பெயர்ந்து விழும், விழுந்த இடத்தில் அடுத்த இரும்பைத் திறந்துவிடும், அதையும் தின்னும். கறுப்பு அப்படிச் செய்யாது. மெல்லிய தோலாக அலகோடு ஒட்டிக்கொண்டு ஈரத்துக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கும். முழுக்கத் தடுத்துவிடாது. தாமதப்படுத்தும். துடைக்க மறந்த ஒரு நாழிகையை மன்னிக்கும். வாழைக்காயும் வாழைப்பூவும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தால் வரும் எழுதுமையின் கறுப்பும் இந்த வகைதான். கலம்காரிக்காரர்கள் பழைய இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரால் கடுக்காய் தோய்த்த துணியில் கோடு இழுத்ததும் கறுக்கிறதே, அதுவும் இதற்கு உறவு.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள்: "அலகு பழகிடுச்சு." தோசைக்கல் பழகுகிற மாதிரி. பழகிய அலகில் நறுக்கினால் காய் அவ்வளவாகக் கறுக்காது, கூட்டில் இரும்பு வாசனை வராது. கறுப்பு அலகைக் காப்பாற்றியது. காயையும் அதுவே காப்பாற்றியது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அம்மா படித்துறைக்குப் போயிருந்தாள். பூஜையில் வைக்கிற சாமான்களை எல்லாம் தேய்த்து வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குத்துவிளக்கைத் தேய்த்த புளியும் செங்கல் பொடியும் மிச்சம் இருந்தது. அருவாமணையை எடுத்து வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம். கை கன்றிப் போயிற்று. பதினைந்து வருஷத்துக் கறுப்பு, முற்றத்துச் சாக்கடையில் சாம்பல் தண்ணீராக ஓடிற்று. அலகு வெள்ளிபோல ஆகிவிட்டது.

அம்மா வந்தாள். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அலகைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மற்ற ஆயுதங்களோடு பலகையில் சாய்த்து வைத்தாள். அதன் முன்னே விழுந்து கும்பிட்டாள்.

பூஜை முடிந்த மறுநாள் வாழைக்காய்ப் பொரியல் கறேலென்று இருந்தது. அப்பா ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "என்ன, இரும்பு வாசம் அடிக்குது?" என்றார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னாள்: "இந்தத் தடவை வந்த காய் அப்படி."

அன்று சாயங்காலம் அலகில் சிவப்பாய்ப் பொட்டுப் பொட்டாகத் துரு. நான் அழுதுவிட்டேன். அவள் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அதைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "இருக்கட்டும் கண்ணு. நறுக்க நறுக்க வந்துடும்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தொடர்ந்து வாழைக்காய். ஒரு நாள் வறுவல், ஒரு நாள் புட்டு, நடுவில் வாழைப்பூ உசிலி. அப்பாவுக்குக் காரணம் தெரியாமலே போய்விட்டது.

எங்கெங்கோ போய்விட்டேன். எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தேன் என்று எண்ணத் தொடங்கினால் இப்படித்தான், ஒன்றைத் தொட்டால் கொத்தாக வருகிறது.

விடியற்காலையில் மணையைத் தரையில் வைக்கும் அந்தச் சத்தம். டொக். பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டால், அம்மா எழுந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்று மறுபடி தூங்கிவிடலாம். அந்த மாதிரித் தூக்கம் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

தெருக்கோடியில் சாணைக்காரர் குரல். சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு அலகு என்றால் வாயை மட்டும் தீட்டுவார், கறுப்பைத் தொட மாட்டார். அம்மா திண்ணையில் நின்றபடியே, "மேலே போகாதீங்க, வாயோட நிறுத்துங்க" என்பாள். வாயோடு நிறுத்திவிடுவார்.

அலகைக் கழுவிய உடனே துடைத்து, அடுப்பின் வெதுவெதுப்பில் ஒரு நிமிஷம் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, வாய் சுவரைப் பார்க்கும்படி மூலையில் சாத்துகிற அந்த ஒழுங்கு. "அருவாமணையைத் தாண்டாதே." "கையில் கொடுக்காதே, கீழே வை, எடுத்துக்கறேன்." இப்போது என்னிடம் யாரும் தாண்டாதே என்று சொல்வதில்லை. தாண்டுவதற்கும் ஒன்றும் இல்லை.

அப்புறம், அந்தக் கறை பிடித்த விரல்கள். வாழைப்பூ ஆய்ந்த நாட்களில் அம்மாவின் விரல் நுனிகளும் அலகும் ஒரே நிறமாக இருக்கும். ராத்திரி தலையில் அந்த விரலை வைத்துத் தடவுவாள். துவர்ப்பும் எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாசனை. அதற்குப் பெயர் இல்லை.

நான் வந்து சேர்ந்த ஊர் எது என்று முதலில் எனக்கு உறைக்கவில்லை. 1913ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹாரி பிரியர்லி என்பவர், சீக்கிரம் தேய்ந்துபோகாத துப்பாக்கிக் குழலுக்கு எஃகு தேடிக்கொண்டிருந்தபோது, சுமார் 12.8 சதவீதம் குரோமியம் கலந்த ஓர் எஃகை இந்த ஊரில்தான் வார்த்தார். வினிகரும் எலுமிச்சைச் சாறும் அதை ஒன்றும் செய்யவில்லை. உலகம் அதைக் கறைபடாத எஃகு என்றது. நாம் எவர்சில்வர் என்றோம். கத்தி, தம்ளர், குடம், சம்படம் என்று ஒவ்வொன்றாக நம் அடுப்படிக்குள் வந்தது. நல்ல பொருள்தான். ஈரத்தோடு போட்டாலும் கோபித்துக்கொள்ளாது. எத்தனையோ பெண்களின் முதுகுவலியைக் குறைத்திருக்கிறது. ஆனால் புளிப்பு பட்டால் அது அப்படியே இருக்கும். அம்மாவின் அலகு ஒவ்வொரு புளிப்பையும் ஒவ்வொரு துவர்ப்பையும் வாங்கி வாங்கித் தன்மேல் போர்த்திக்கொண்டது. பத்து வருஷம் கழித்து எவர்சில்வர் கத்தியைப் பார்த்து, இந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

டான் ஆற்றங்கரையில் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகம் இருக்கிறது. தனியாளாகப் பட்டறை வைத்துக் கத்தி செய்து பிழைத்த கைவினைஞர்களின் பழைய பட்டறைகளை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மழை நாளில் அந்தச் சாணைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இரும்பைப் பறிகொடுத்தவர்கள் ஞாபகத்துக்கு ஒரு கட்டிடம் கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சுவர் மூலை இருந்தால் போதும் என்று தோன்றியது.

அந்த மூலையும் இல்லை. அம்மா போன மறு வருஷம் வீட்டை விற்றோம். நான் இங்கிருந்து போய்ச் சேர்வதற்குள் சாமான்களை எல்லாம் கழித்துவிட்டார்கள். பித்தளையைப் பங்கு பிரித்து எடுத்து வைத்திருந்தார்கள். அருவாமணை எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரர் வந்தபோது எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். யார் மேலும் கோபமில்லை. யார் கண்ணுக்கும் அது கறுத்த இரும்பு. ஒரு கிலோ இருந்திருக்கும்.

சந்தையில் வாங்கிய கத்திக்கு வருகிறேன். அதைக் கறுக்க வைக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. முதலில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவித் துடைக்க வேண்டும், பசை இருந்த இடத்தில் கறுப்பு பிடிக்காது. வினிகரை லேசாகச் சூடாக்கி, அலகை நிறுத்தி வைத்தால் பொடிப் பொடியாகக் குமிழி எழும்பும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சாம்பல் நிறம். எடுத்துக் கழுவி, மேலே சிவப்பாகப் படிந்ததைத் துணியால் துடைத்து, மறுபடி வைக்க வேண்டும். சிலர் கட்டித் தேயிலைச் சாற்றிலோ காப்பியிலோ வைக்கிறார்கள். சிலர் கடுகு விழுதைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுவைத்து, புலித்தோல் மாதிரி கோலம் வரச் செய்கிறார்கள். ராத்திரி முழுக்க ஊறப் போட்டுவிடக் கூடாது. புளிப்பு அலகையே அரித்துக் குழி விழ வைத்துவிடும். கடைசியில் நன்றாக உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய்.

வினிகரைச் சூடும் செய்துவிட்டேன். அலகை அதற்குள் இறக்கக் கை வரவில்லை.

தமிழ்க் கடைக்குப் போய் வாழைக்காய் வாங்கி வந்தேன். தீ இல்லாமலே சூடாகும் அடுப்பு, பலகை, சுத்தமான வெளிச்சம், குளிர் தெரியாத வீடு, எல்லாம் இருக்கிறது. நின்றுகொண்டே நறுக்கினேன். முதல் நாள் வாழைக்காய் கறுத்தது, பொரியலில் இரும்பு அடித்தது. தட்டை ஒதுக்காமல் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் அலகில் பழுப்பாய் ஒரு மேகம். மூன்றாம் நாள் வெங்காயம், எலுமிச்சை. பிறகு மாங்காய். ஒவ்வொரு நாளும் கழுவி, துடைத்து, அடுப்பு வெதுவெதுப்பில் காட்டி, தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. நேற்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வாய் மட்டும் ஒரு நூல் வெள்ளை. நடுவில், காய் அதிகம் படுகிற இடத்தில், கறுப்புக்குள்ளே நீலம்.

விரலை முகர்ந்து பார்த்தேன். துவர்ப்பு இருந்தது. எண்ணெய் இருந்தது. இரும்பும் இருந்தது. மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல முடிந்தது.

கத்தியை மூலையில் சாய்த்து வைத்தேன், வாய் சுவரைப் பார்க்கும்படி. நறுக்க நறுக்க வந்துடும் என்றாய் அம்மா.

கறுப்பு வந்துவிட்டது.