கிம்ப்பும் கரப்பான் பூச்சியும்

1995-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் படங்களைத் திருத்த ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார்கள். அதற்கு ‘கிம்ப்’ என்று பெயர். முந்தைய ஆண்டு வெளியான ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் உடல் முழுக்கத் தோலுடை மாட்டிய ஒரு பாத்திரத்திடமிருந்து எடுத்தது. கால் ஊனமுற்றவர்களை ஆங்கிலத்தில் இழிவாகச் சொல்லும் வசையும் அதுவே.

விடுதி அறையில் இது வேடிக்கைதான். வகுப்பில் ஆசிரியை அதைப் பலகையில் எழுத வேண்டும். அலுவலகத்தில் வடிவமைப்பாளர் அதை மேலாளருக்குப் போகும் கோரிக்கையில் எழுத வேண்டும். ஃபோட்டோஷாப் கேட்பவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. பணம் போகும், மானம் போகாது. தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் எதையும் சுட்டாததால், இங்கே இந்த உறுத்தல் அவ்வளவாகத் தெரிவதில்லை.

2019-இல் பொறுமையிழந்த சிலர் அதே நிரலை எடுத்து ‘கிளிம்ப்ஸ்’ என்ற புதுப் பெயரில் வெளியிட்டார்கள். உழைக்க ஆள் போதாமல் 2021-இல் அது நின்றுபோனது. பெயரைக் குறை சொல்ல வந்த கூட்டம் நிரல் எழுத வரவில்லை. கிம்ப் குழுவோ, இருபது ஆண்டுக்கு மேல் பழகிய பெயரை மாற்றுவதாக இல்லை. உறுத்தினால் முழுப்பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறது. ‘க்னூ இமேஜ் மேனிபுலேஷன் புரோகிராம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் மேலாளர் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பியிருப்பார்.

பெயரை மாற்றியவர்களும் உண்டு. பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த, கணித நிறுவல்களைச் சரிபார்க்கும் ‘காக்’ பிரெஞ்சில் சேவல். ஆங்கிலத்தில் ஆபாசமாக ஒலிக்கும். பெண் ஆய்வாளர்கள் கேலிக்கு ஆளானதாகச் சொன்ன பிறகு பேச்சு வலுத்து, 2025-இல் அது ‘ராக்’ ஆனது.

கிம்பாலும் மாட்டிஸும் கிம்ப்புக்குப் பிறகாவது திருந்தினார்களா? 2015-இல் பென் டார்னெல்லுடன் சேர்ந்து நியூயார்க்கில் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குப் பெயர் ‘காக்ரோச்டிபி’. சர்வர்கள் சில படுத்தாலும் கரப்பான் போலச் சாகாமல் ஓடுமாம். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் நெட்ஃப்ளிக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. தரவுத்தளத்தின் பெயர் பொறியாளர்களைத் தாண்டி அதிகம் வெளியே வராது. மேலிடம் கேள்வி கேட்டாலும், விளக்கிச் சொல்லச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது நிறுவனம். கிம்ப்புக்கு அப்படி யாரும் இல்லை. அந்த வேலை, அதை வேண்டுமென்று கேட்கிறவர் தலையில்தான் விழுகிறது.