தீர்மானங்களும் பெட்டிகளும்

அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம் 1936 டிசம்பரில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸில் தொடங்கப்பட்டது. உண்மையில் அங்கே கூடியிருந்தது வரலாற்று ஆசிரியர்களின் மாநாடு. ஆவணக் காப்பாளர்கள் அதுவரை அந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்திருந்தவர்கள். 1909 முதல் அமெரிக்க வரலாற்றுச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டோடு சேர்த்து அவர்களுக்கும் ஒரு கூட்டம் நடத்தி வந்தது. வால்டோ லேலண்ட் போன்ற சிலர்தான் அதை விடாமல் நடத்தினார்கள். கட்டுரை வாசிப்பார்கள், அரசுக் கோப்புகள் ஈரமான நிலவறைகளில் மக்கிப்போவதைச் சொல்லிக் கவலைப்படுவார்கள், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று கலைவார்கள்.

1934-ல் தேசிய ஆவணக் காப்பகத்தை அமைக்கும் சட்டம் நிறைவேறியதும் இந்த மந்தநிலை கலைந்தது. வாஷிங்டனில் ஒரு பெரிய கட்டடம் வந்தது. இதுவே தொழில் என்று சொல்லிக்கொள்ளும் ஆட்கள் ஒரே இடத்தில் பெருங்கூட்டமாகச் சேர்ந்தார்கள். இவர்களுக்கு யார் பயிற்சி தருவது, எந்தக் கோப்பை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்ற கேள்விகளுக்கு வரலாற்று ஆசிரியர்களிடம் விடை இல்லை. ஆய்வாளர் தமக்கு வேண்டிய தாளைத் தேடி வருகிறவர். அவர் தேடி வராத தாள்களையும் சேர்த்துப் பொறுப்பேற்கிறவர் காப்பாளர். இரண்டு வேலைக்கும் ஒரே சங்கம் போதாது என்பது தெளிவாகிவிட்டது.

யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பதில்தான் முதல் சர்ச்சை எழுந்தது. தேர்ந்த நிபுணர்கள் சிலர் மட்டும் இருக்கும் சிறிய கழகம் போதும் என்றார்கள் ஒரு சாரார். தொழிலுக்கு மதிப்பு வர வேண்டுமானால் வாசலைக் குறுக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஆவணங்களைக் காக்கும் வேலையில் இருக்கிற, இருந்த எவரும் வரலாம் என்றார்கள் மறுசாரார். பின்னதே வென்றது. ஏறத்தாழ 90 ஆண்டுகளாகச் சங்கத்தின் குணத்தைத் தீர்மானித்து வருவது அந்த ஒரு முடிவுதான். தேசியக் காப்பகத்தின் உயர் அதிகாரி, பல்கலைக்கழக நூலகத்தின் மாடியறையில் தனியாளாக இருப்பவர், தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர், வங்கியின் பழைய கணக்குப் பேரேடுகளுக்குப் பொறுப்பானவர் என எல்லாரும் ஒரே பட்டியலில் வந்தார்கள். வருமானத்துக்கு ஏற்றபடி சந்தா ஏறி இறங்கும் முறையும் இந்தக் கலவைக்குப் பொருத்தமாகவே வந்து சேர்ந்தது. இவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு திட்டம் போடுவது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது.

வட கரோலினாவைச் சேர்ந்த ஆல்பர்ட் நியூசம் முதல் தலைவரானார். 1937 ஜூனில் வாஷிங்டனில் முதல் ஆண்டு மாநாடு கூடியது. 1938 ஜனவரியில் சங்கத்தின் காலாண்டிதழ் ‘அமெரிக்கன் ஆர்க்கிவிஸ்ட்’ வெளிவந்தது. அதற்குப் பிறகான 30 ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். சங்கத்துக்குச் சம்பளம் பெறும் தலைமை நிர்வாகி கிடையாது. செயலாளர் யாரோ அவருடைய அலுவலக மேசைதான் சங்கத்தின் தலைமையகம். குழுக்கள் அமைக்கப்பட்டன, சில அறிக்கை தந்தன, சில தரவில்லை. ஆனாலும் அந்தக் காலத்திலும் இரண்டு செய்திகள் தனித்து நிற்கின்றன. ஒன்று, இல்லினாய் மாநிலக் காப்பகத்தை நடத்திய மார்கரெட் கிராஸ் நார்ட்டன் 1940-களில் தலைவராக இருந்தது. ஆவணங்கள் முதலில் நிர்வாகத்துக்காக, பிறகுதான் வரலாற்றுக்காக என்று அவர் விடாமல் வாதிட்டார். திண்ணையிலிருந்து இறங்கிய சங்கத்துக்குத் தேவையான பிடிவாதம் அது. இரண்டாவது, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த பிரஷ்யக் காப்பாளர் எர்ன்ஸ்ட் போஸ்னரிடம் மாநிலக் காப்பகங்களை ஆய்வு செய்யும் பணியைச் சங்கம் ஒப்படைத்தது. அவர் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பார்த்து எழுதிய நூல் 1964-ல் வெளியானது. எந்த மாநிலத்தில் என்ன குறை என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்ததால், அதைக் கையில் வைத்துக்கொண்டு சட்டமன்றங்களில் பணம் கேட்க முடிந்தது. ‘காப்பகங்களை மேம்படுத்துவோம்’ என்ற பொதுத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் கேட்க முடியுமா என்பது சந்தேகமே.

1970 மாநாட்டில் வரலாற்றாசிரியர் ஹாவர்ட் ஜின் பேசினார். காப்பாளர் நடுநிலையானவர் என்பது கற்பனை; பணமும் பதவியும் உள்ளவர்களின் தாள்கள்தான் காக்கப்படுகின்றன; எளிய மக்களின் சுவடு எங்கும் பதிவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். வியட்நாம் போர்க் காலம் அது. அரங்கில் கோபமும் இருந்தது, கைதட்டலும் இருந்தது. அதே சமயத்தில் சங்கம் தன்னைத்தானே ஆராயும் குழுவொன்றை அமைத்திருந்தது. 1972-ல் வந்த அதன் அறிக்கை சம்பளம் பெறும் நிர்வாக இயக்குநர், நிலையான அலுவலகம், உறுப்பினர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் தேர்தல் முறை ஆகியவற்றைக் கேட்டது. 1974-ல் ஆன் மார்கன் கேம்பெல் முதல் நிர்வாக இயக்குநரானார். அலுவலகம் சிகாகோவில் அமைந்தது. அதே ஆண்டு தலைமையுரையில் ஜெரால்ட் ஹாம், ஆய்வாளர்களின் நாகரிகம் எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு ஆவணம் சேர்க்கும் வழக்கத்தைச் சாடினார். எதைச் சேர்ப்பது என்பதற்கே திட்டம் வேண்டும் என்பது அவர் வாதம். ஜின் வெளியாள், ஹாம் வீட்டு ஆள். வீட்டு ஆள் சொன்னபோதுதான் அது பாடத்திட்டம் வரை போய்ச் சேர்ந்தது.

சங்கம் இயங்கும் முறை தமிழ்நாட்டுச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. உறுப்பினர்கள் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரே அடுத்த ஆண்டு தலைவர். மூன்றாண்டுப் பதவிக்காலம் கொண்ட 9 பேர் ஆட்சிக்குழுவில் சுழற்சி முறையில் வருகிறார்கள். தலைவருக்குப் பதவிக்காலம் ஓராண்டு என்பதால், தான் விதைத்ததைத் தானே அறுக்கும் தலைவர் அபூர்வம். ஆண்டு மாநாடு பெரும்பாலும் ஆகஸ்டில், ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு நகரத்தில் நடக்கிறது. நிகழ்ச்சிக் குழு அமர்வுகளைத் தெரிவு செய்கிறது, உள்ளூர்க் குழு விருந்தோம்பலைப் பார்த்துக்கொள்கிறது; இரண்டும் ஊதியமில்லா வேலை. கையேடு எழுதுவது, பயிற்சி வகுப்பு எடுப்பது, இதழுக்கு வந்த கட்டுரையை மதிப்பிடுவது எல்லாமே அலுவலக நேரம் முடிந்தபின் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்பவை. சிகாகோ அலுவலகம் சிறியது. எனவே எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இதை எழுதுவது யார், எப்போது எழுதுவார் என்பதுதான்.

சங்கத்தின் திட்டமிடல் முயற்சிகளில் மிகப் பெரியது இலக்குகளும் முன்னுரிமைகளும் பற்றிய பணிக்குழுவினுடையது. 1986-ல் அதன் அறிக்கை அச்சாகியது. நிலைத்த மதிப்புள்ள ஆவணங்களை அடையாளம் கண்டு வைத்துக்கொள்வது, அவற்றைக் காக்கும் நிறுவனங்களைச் சரியாக நடத்துவது, மக்கள் அவற்றைப் பயன்படுத்தச் செய்வது என மூன்று இலக்குகளை வகுத்து, ஒவ்வொன்றின் கீழும் செய்ய வேண்டியவற்றை அடுக்கிக்கொண்டே போனது. அதற்கு முன்பே 1984-ல் இன்னோர் ஆய்வு வந்திருந்தது. காப்பகங்களுக்குப் பணம் ஒதுக்கும் மேலதிகாரிகள் காப்பாளர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று சங்கம் ஆள் வைத்துக் கேட்டது. நல்லவர்கள், படித்தவர்கள், அமைதியானவர்கள், அதிகாரம் இல்லாதவர்கள் என்று பதில் வந்தது. அமைதியானவர்களுக்கு நிதி கடைசியில்தான் வரும் என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வு தேவைப்பட்டது சற்று வேடிக்கைதான். ஆனால் காசு கொடுத்துக் கசப்பான பதிலை வாங்கி அதை அச்சிட்டு உறுப்பினர்களுக்கே கொடுத்த துணிச்சல் எல்லாச் சங்கங்களுக்கும் வாய்ப்பதில்லை.

இந்த அறிக்கைகளைக் காட்டிலும் நீண்டகாலம் பயன் தந்தது 1977-ல் அமைந்த இன்னொரு பணிக்குழு. நாடு முழுவதும் உள்ள ஆவணத் தொகுதிகளுக்குக் கணினிப் பட்டியல் வேண்டும் என்ற பேச்சு அப்போது எழுந்திருந்தது. காங்கிரஸ் நூலகம் 1959 முதல் கையெழுத்துப் பிரதிகளின் கூட்டுப் பட்டியல் ஒன்றைத் தொகுத்து வந்தது. மத்திய அரசின் வரலாற்று ஆவண ஆணையம் தனியே ஒரு தரவுத்தளம் கட்ட விரும்பியது. இரண்டில் எது என்ற சண்டை மும்முரமாக இருந்தபோது, ரிச்சர்ட் லைட்டில் தலைமையில், டேவிட் பியர்மன் பணிகளை நடத்த, சங்கத்தின் குழு மூன்றாம் வழியைக் கண்டது. ஒரே மையப் பட்டியல் தேவையில்லை. அவரவர் பட்டியல் அவரவரிடம் இருக்கட்டும். ஆனால் எல்லாரும் ஒரே கூறுகளை ஒரே பெயரில் எழுதினால் ஒருவருடையதை மற்றவர் படிக்கலாம் என்றது. அதற்காக ஒரு தொகுதியை விவரிக்க என்னென்ன கூறுகள் வேண்டும் என்று அகராதி ஒன்றைத் தயாரித்தார்கள். தலைப்பு, காலம், அளவு, உருவாக்கியவர், பார்க்க உள்ள கட்டுப்பாடு என்று போகும் அந்த உலர்ந்த அகராதியிலிருந்தே நூலகக் கணினிகள் ஏற்கும் ‘மார்க்’ வடிவத்தின் காப்பகப் பதிப்பு 1980-களில் பிறந்தது. காப்பகப் பட்டியல்களைக் கணினியில் எழுதுவதற்காகப் பெர்க்லியில் டேனியல் பிட்டி தொடங்கிவைத்த குறிமொழி 1998-ல் முதல் பதிப்பாக வெளியானது. சங்கமும் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து அதைப் பராமரித்தன. ஆவணத் தொகுதிகளை விவரிக்கும் விதிகளின் நூலைச் சங்கம் 2004-ல் ஏற்றது. இன்று ஒரு சிறு கல்லூரியின் பெட்டியில் யாருடைய கடிதம் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே தேட முடிகிறதென்றால், அதன் பின்னால் இருப்பது இந்தக் குழுக்கூட்டங்கள்தான்.

பெட்டிகளைப் பற்றிய இன்னொரு விவாதமும் சங்கத்தின் இதழில்தான் வெடித்தது. மார்க் கிரீனும் டென்னிஸ் மைஸ்னரும் 2005-ல் எழுதிய கட்டுரை, காப்பாளர்கள் ஒவ்வொரு தாளின் ஊசியையும் பிடுங்கி, ஒவ்வோர் உறையையும் மாற்றிக்கொண்டிருப்பதால்தான் அடுக்கப்படாத தொகுதிகள் மலையாகக் குவிகின்றன என்றது. கச்சிதம் குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு கன அடிக்கு 4 மணி நேரத்தில் முடியுங்கள் என்று இலக்கு வைத்தது. தலைமுறைப் பழக்கத்தின் மேல் கை வைத்ததால் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால் இருவருமே பிற்பாடு வெவ்வேறு ஆண்டுகளில் சங்கத்தின் தலைவர்களானார்கள்.

வெளியே போய்ப் போராடியதில் குறிப்பிடத்தக்கது தேசியக் காப்பகத்தின் விடுதலை. 1949-ல் அது அரசின் கட்டடங்களையும் தளவாடங்களையும் கவனிக்கும் துறைக்குக் கீழே தள்ளப்பட்டது. வரலாற்றாசிரியர்களோடு சேர்ந்து சங்கம் ஆண்டுக்கணக்கில் வாதாடியது. 1984-ல் சட்டம் நிறைவேறி, 1985 ஏப்ரல் 1-ல் காப்பகம் தனி அமைப்பானது. அதில் கேட்டது ஒன்றே ஒன்று. கொடுத்தார்களா இல்லையா என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளுக்குள் நடந்த போராட்டங்கள் அப்படி முடியவில்லை. தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமா என்ற தகராறு 1980-களில் உறுப்பினர்களை இரண்டாகப் பிரித்தது. தொடக்கத்தில் எழுந்த வாசல் சண்டை வேறு பெயரில் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும். 1989-ல் சான்றளிப்பதற்கென்று தனி அமைப்பு உருவாகி அந்தச் சுமையைச் சங்கத்தின் தோளிலிருந்து இறக்கியது.

2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸில் மாநாடு முடிந்து உறுப்பினர்கள் ஊர் திரும்பிய சில நாட்களில் கத்ரீனா புயல் அந்த நகரத்தை மூழ்கடித்தது. நனைந்த ஆவணங்களை மீட்க நிதி ஒன்று தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மே முதல் தேதியிலும் ஆபத்துக்கு ஆயத்தமாக ஒரே ஒரு வேலையாவது செய்யுங்கள் என்று காப்பகங்களைக் கேட்கும் வழக்கமும் வேரூன்றியது. தொலைபேசிப் பட்டியலைத் திருத்துங்கள், தரையில் இருக்கும் பெட்டியை அலமாரிக்கு ஏற்றுங்கள் என்கிற அளவுக்கு எளிய வேண்டுகோள் அது. 2020-ல் பெருந்தொற்று வந்தபோது மாநாடு இணையத்துக்கு மாறியது. வேலை இழந்த காப்பகப் பணியாளர்களுக்கு உதவி நிதி திரட்டப்பட்டது. முதல் நிதி தாள்களுக்கு, இரண்டாவது ஆட்களுக்கு.

சங்கம் மிகத் தாமதமாக வந்து சேர்ந்த இடமும் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரின் சடங்குகள், பாடல்கள், புகைப்படங்கள் அவர்களைக் கேட்காமலே காப்பகங்களில் சேர்ந்துவிட்டன. அவற்றை யார் பார்க்கலாம் என்பதில் அந்தச் சமூகங்களுக்கே குரல் வேண்டும் என்ற நெறிமுறைகள் 2006-ல் அரிசோனாவில் கூடியவர்களால் வகுக்கப்பட்டன. எல்லாருக்கும் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று பழகிய தொழிலுக்கு இது முள்ளாகத் தைத்தது. 2008-ல் ஆட்சிக்குழு ஏற்பளிக்காமல் மேலும் விவாதிக்கலாம் என்றது. ஏற்பு வந்தது 2018-ல். தாமதத்துக்கு ஆட்சிக்குழு மன்னிப்பும் கேட்டது. பத்தாண்டுகள் வீணாயின என்பதா, பத்தாண்டுகளில் உறுப்பினர்கள் மாறினார்கள் என்பதா? இரண்டுமே உண்மை.

உறுப்பினர்கள் மாறியதைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. 1950-களில் போஸ்னர் கணக்கிட்டபோது மூவரில் இருவர் ஆண்கள். 2004-ல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் மூவரில் ஏறக்குறைய இருவர் பெண்கள். கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினரின் பங்கு மட்டும் சிறிதாகவே இருந்தது. தொழில்நுட்பம், பன்முகத்தன்மை, பொதுமக்கள் அறிமுகம் என்ற மூன்றைச் சங்கம் அந்தக் காலத்திலேயே முன்னுரிமைகளாக அறிவித்தது. 2013-ல் தொடங்கிய திட்டத்தில் அது நான்கு இலக்குகளானது: காப்பகங்களுக்காக வாதாடுவது, உறுப்பினர்களின் தொழில் வளர்ச்சி, துறையை முன்னெடுப்பது, உறுப்பினர் தேவைகளை நிறைவு செய்வது. 1986-ன் மூன்று இலக்குகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். அப்போது எழுதியவர்களின் பேச்செல்லாம் ஆவணங்களைப் பற்றியது. இப்போது எழுதுகிறவர்களின் பேச்சில் பாதி காப்பாளர்களைப் பற்றியது. நிரந்தரமில்லாத ஒப்பந்த வேலைகளும் கல்விக் கடனும் பெருகிய காலத்தில் அப்படித்தான் இருக்கும். திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஒவ்வோர் இலக்கின் கீழும் என்ன செய்யப்பட்டது என்று ஆட்சிக்குழுவுக்கு அறிக்கை போகிறது, அந்த அறிக்கை பெட்டியில் வைக்கப்படுகிறது, பெட்டிக்குப் பட்டியலும் தயாராகிறது.