தொகையில் இருந்த எழுத்து

டக்டிபி என்ற தரவுத்தளத்திலிருந்து ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பை இணைக்க அட்டாச் என்ற ஒரே கட்டளை போதும். அதை அக்கா முதல் நாளே காட்டிவிட்டார். அவரிடம் நான் உண்மையில் தொழில் பழகியது அந்தக் கட்டளைக்கு முன்னும் பின்னும்தான்.

எங்களிடம் வந்தது ஒரு மளிகைக் கடையின் பில்லிங் கோப்பு. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்க்யூலைட் இத்தகைய இடத்துக்கு மிகப் பொருத்தம். சர்வர் தேவையில்லை, தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். ஆனால் கடை நடக்கும்போது அந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்தால், கடைசியாகப் போட்ட பில்கள் பக்கத்திலுள்ள டபிள்யூஏஎல் கோப்பிலேயே தங்கிவிடக்கூடும். அதனால் எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையால்தான் நகல் எடுக்கச் சொன்னார் அக்கா.

"சேர்க்கிறதுக்கு முன்னாடி, உள்ளே என்ன இருக்குன்னு கேளுப்பா" என்பார். கேட்கும் வழி, ஒவ்வொரு மதிப்பின் வகையையும் சொல்லும் டைப்ஆஃப். எண் என்று அறிவித்த நெடுவரிசையிலும் எஸ்க்யூலைட் எழுத்தை ஏற்றுக்கொள்ளும். தொகை நெடுவரிசையை டைப்ஆஃப் வாரியாக எண்ணிப் பார்த்தபோது, எண்களுக்கு நடுவே டெக்ஸ்டும் வந்தது: '1,250', '250 பாக்கி'.

டக்டிபி இதில் கறார். எண் என்று சொன்ன இடத்தில் எழுத்தைக் கண்டால் பிழை காட்டி நின்றுவிடும். இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடிக்கும். கணக்கில் மௌனமாக நழுவுவதைவிட நின்றுவிடுவது மேல். எஸ்க்யூலைட்_ஆல்_வார்சார் அமைப்பை இயக்கிவிட்டு இணைத்தால் எல்லாமே எழுத்தாக வரும். பிறகு காற்புள்ளியை நீக்கி, எண்ணாக மாற்ற ட்ரை_காஸ்ட் போட்டால், மாற முடியாதவை நல் (வெற்று மதிப்பு) ஆகும். அந்த நல் வரிசைகளைத் தனியே எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினோம். பாக்கி என்றிருந்தவை கடனுக்குப் போன சரக்கு என்றார். தொகையை ஒரு நெடுவரிசையிலும் கடன் குறிப்பை இன்னொன்றிலும் பிரித்தோம்.

இணைத்துவிட்டாலே வேகம் வந்துவிடாது என்பதையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். கோப்பு எஸ்க்யூலைட்டாக இருக்கும்வரை, அதற்குள் தரவு வரிசை வரிசையாகவே கிடக்கும். தொகையை மட்டும் கூட்டவும் மற்ற விவரங்கள் உள்ள பக்கங்களைப் புரட்டியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் உருவாகி 2019-இல் வெளிவந்த டக்டிபியின் பலம், நெடுவரிசைகளைத் தனித்தனியே சேமிப்பது. ஒருமுறை கேட்கும் கேள்விக்கு இணைப்பு போதும். கடைக்காரரோ மாதவாரி, பொருள்வாரி, கடன்வாரி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் சீர்செய்த அட்டவணையை டக்டிபிக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டு, எஸ்க்யூலைட் நகலை டிடாச் செய்துவிட்டோம்.