டப்பாவும் கறிவேப்பிலையும்

வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. சென்னையில் ஒரு காபிக் கடையின் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள் 30, வந்திருப்பவர்கள் 18 பேர். நகைச்சுவை ஓப்பன் மைக், பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக மேடையேறலாம், ஆளுக்கு 5 நிமிஷம். நாலாவது நிமிஷம் பின்னாலிருந்து ஒருவர் செல்போன் டார்ச்சை ஆட்டுவார், முடித்துக்கொள்ள வேண்டும். இந்த 5 நிமிஷத்துக்காக ஆறு வருஷமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

போனதும் முதல் வேலை நாற்காலிகளை நெருக்கிப் போடுவது. ஆட்கள் சிதறி உட்கார்ந்தால் சிரிப்பு எழும்பாது. பக்கத்தில் இருப்பவர் தோள் குலுங்கினால்தான் நமக்கும் சிரிப்பு வரும். பிறகு கடைக்காரரிடம் ஒரு வேண்டுகோள்: "அண்ணா, மிக்ஸியை மட்டும் இடைவேளையில போட்டுக்கலாமா?"

என்னிடம் ஒரு ஜோக் இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பா. ஆசையாகத் திறந்தால் கறிவேப்பிலை. எல்லார் வீட்டுச் சங்கதிதான். முதலில் அதை "உள்ள கறிவேப்பிலை இருந்துச்சு" என்று முடித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரும், ஆனால் பாதியில் அமுங்கிவிடும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் பேச்சின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்றாவது வாரம்தான் பிடிபட்டது. கறிவேப்பிலை என்றதுமே கூட்டம் சிரிக்க ஆரம்பிக்கிறது. அதன் மேலேயே நான் "இருந்துச்சு" என்று பேசிக்கொண்டிருக்கிறேன். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வந்து உட்காரும். எழுத்தில் அது அழகு. மேடையில் அதுவே சிரிப்பின் வாயைப் பொத்திவிடும். "திறந்து பார்த்தா, உள்ள... கறிவேப்பிலை." அவ்வளவுதான் மாற்றம். அன்றைக்குச் சிரிப்பு அடங்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பாடம். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். புலவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், கேட்பவருக்கு விஷயம் உள்ளே இறங்கும். வில்லுப்பாட்டில் ஊறி வந்தவர் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன். 1949இல் வந்த 'நல்ல தம்பி' படத்தின் கிந்தனார் காலட்சேபத்தை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது அந்த நிதானத்துக்காகத்தான். எங்களுக்குப் பக்கத்தில் யாரும் கிடையாது. "ஆமா" போட வேண்டியது கூட்டம். அதற்கு இடம் விட வேண்டியது நாங்கள். மேடையில் ஒரு விநாடி மௌனம் வயிற்றைக் கலக்கும். பயந்து அடுத்த வரிக்கு ஓடினால், வரவிருந்த சிரிப்பும் போய்விடும்.

போன வருஷம் மகனோடு வந்திருந்த ஒரு அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்தார். "நல்லாயிருந்துச்சு தம்பி. அந்த டப்பா ஐஸ்கிரீம்ல அம்மாவுக்கு ஒரு ஸ்பூனாவது வெச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுவாரம் அந்தக் கேள்வியை அப்படியே ஜோக்கின் கடைசியில் வைத்தேன். சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு அமைதியும் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் வைத்திருக்கும் பதிவுகளில் அதுதான் எனக்குப் பெரிது.

2019இல் அமேசான் பிரைமில் வந்த, நகைச்சுவைக் கலைஞர் அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' போன்ற முழுநீள நிகழ்ச்சிகளை வீட்டிலிருந்து பார்த்து ரசிக்கிறோம். அவை கேமரா முன்னால் பிறந்தவை அல்ல. மேடை மேடையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்தவை. அந்தத் தேய்ப்பு தொடங்குவது இப்படிப்பட்ட மாடிகளில்தான்.

உங்கள் ஊரில் எங்காவது ஓப்பன் மைக் நடந்தால் போய்ப் பாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வராவிட்டால் எங்களுக்காகச் சிரிக்க வேண்டாம், சும்மா இருங்கள். அதையும் பதிவு செய்து எடுத்துக்கொண்டுதான் நாங்கள் வீட்டுக்குப் போகிறோம்.