செந்தேரிக்கும் நீலக்கடலுக்கும் நடுவே

குலசேகரன்பட்டினத்துக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் மணப்பாட்டுக் குன்று கடலுக்குள் நீண்டு தெரியும். கோவையின் மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்கு, மணற்கரை என்றே நினைத்திருந்த இந்தக் கடலோரத்தில் அப்படியொரு பாறைமேட்டைக் கண்டதும் கால் நகரவில்லை. காற்றும் அலையும் அரித்த மணற்கல்; உச்சியில் திருச்சிலுவை ஆலயம்; கீழே, 1542-இல் இந்தியா வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. பக்கத்திலேயே கருமேனியாறு கடலில் சேருகிறது.

அந்தக் கழிமுகத்தில் விடியற்காலையில் ஆலாக்களும் கடற்காகங்களும் மணல்திட்டை மூடி உட்கார்ந்திருக்கும். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் பறவைகளுக்குப் பின்னால் எழும். கேமராவின் கணக்கை அப்படியே நம்பினால் பறவை வெறும் நிழலாகிவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். நடந்து போனால் கூட்டம் முழுக்க எழும்பிவிடும். மணலில் வயிறு பட ஊர்ந்து, அவை பழகும்வரை அசையாமல் கிடந்தால் உள்ளான்கள் தாமாகவே பக்கத்தில் வந்து மேயும்.

மாலையில் தேரிக்குப் போக வேண்டும். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பனைகளுக்கு நடுவே செம்மணல் மேடுகள். இரும்புச்சத்து மணலுக்கு ஏற்றிய சிவப்பு அது. சாயும் வெயிலில் அந்தச் சிவப்பு இன்னும் ஆழும். மேட்டின் விளிம்பில் ஒரு மயில் நின்றுவிட்டால் வேறெதுவும் வேண்டாம். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், தானே இணைத்துக்கட்டிய கேமராக்களைக் கொண்டு காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். யானைக்கு அந்தக் கறுப்பு வெள்ளை போதும். தேரிக்கு வண்ணம்தான் வேண்டும்.

குளிர்கால இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “லைட்டு மட்டும் அடிச்சிராதிய தம்பி, ஆமை திரும்பிப் போயிரும்” என்றார். “சரி அண்ணாச்சி” என்று கேமராவைப் பைக்குள் வைத்தேன். ஏறத்தாழ நூறு முட்டைகளைச் சுமந்து வரும் உயிரை விரட்டி எடுக்கும் படம் எனக்கு வேண்டாம்.

இதே கரையில்தான் 2016 ஜனவரியில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம். மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். பல மீண்டும் கரைக்கே வந்தன, பாதிக்குமேல் இறந்தன. 1973-லும் தூத்துக்குடிக் கடற்கரையில் இப்படி நடந்திருக்கிறது.

இப்போது இங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். இங்கிருந்து நேரே போகலாம். நாட்டுக்கு நல்லது. ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் இன்றும் வருவதால் இங்கும் பறவைகள் வந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருக்கிறது.

ஆனாலும், இந்தக் கரை இன்று இருப்பதுபோலப் பதிவாக வேண்டும். கேமரா வைத்திருப்பவர்கள் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வாருங்கள். இரவில் ஃபிளாஷ் வேண்டாம். கரையொதுங்கிய ஓங்கலையோ திமிங்கிலத்தையோ கண்டால், படம் எடுக்கும் முன் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்.