பின்னால் வருகிறவருக்கு ஒரு சேதி

சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர்தான் சொன்னார்: "சார், பிரேக் லைட் ரெண்டுமே எரியல!"

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "ஒயரிங் பூரா மாத்தணும், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றார்கள். தேதியோ 25. பர்ஸில் இருந்ததும் காற்றுதான்!

எதிர்வீட்டுப் பெரியவர், ரிட்டயர்டு பஸ் டிரைவர். "பல்பு ரெண்டும் ஒண்ணா போகுமா தம்பி?" என்றவர், ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச். அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றித் துண்டுக் கம்பியால் இணைத்தார். பளிச்! பின்னால் சிவப்பு.

"ஒயரிங் சுத்தம். ஸ்விட்ச்தான் காலி. பெடல் இந்த முனையை அமுக்கிட்டே இருக்கும். மிதிச்சா விடும், லைட் எரியும். அவ்ளோதான்!"

புது ஸ்விட்ச், இரண்டு ஓட்டல் சாப்பாட்டு விலை. மாட்டப் பத்தே நிமிஷம்.

அற்பம்தான். ஆனால் 60 கி.மீ. வேகத்தில் வருகிறவர் ஒரு விநாடியில் 16 மீட்டர் தாண்டிவிடுவார். அவர் பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்திருக்கலாம். 'நிற்கப் போறேன்' என்று அவருக்குச் சொல்ல நமக்கு வேறு வாய் ஏது?

இன்று ராத்திரி, ஹெட்லைட் போடாமல், காரின் பின்பக்கத்தைச் சுவரோரம் நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவர் சிவக்க வேண்டும்; காலை எடுத்தால் அணைய வேண்டும். இல்லையா? காலையில் முதல் வேலை, ஸ்விட்ச் கடை!