அந்தப் பத்து நிமிட வழி

"கொழும்புல ராத்திரி வேலைன்னா, அது என்ன வேலை மிஸ்?"

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் தாய்மார் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தாய் என்னைத் தனியே அழைத்து இவ்வாறு கேட்டார். 2023ஆம் ஆண்டில் நடந்தது இது. அவருடைய மூத்த மகள் அதற்கு முந்திய ஆண்டு கொழும்புக்குப் போயிருந்தாள். 2022இல் அரிசியும் மாவும் விலையேறிய வேகத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். தோட்டத்து நாட்சம்பளமோ 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாவிலேயே நின்றது. உயர்தரம் எழுதியிருந்த அந்தப் பிள்ளை, தம்பி தங்கையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னேரம் தொடங்கி நள்ளிரவை நெருங்கும்போது முடிகின்ற வேலை.

லயத்தில் கதை வேறு விதமாக ஓடியது. பேசி வந்த ஒரு சம்பந்தமும் நின்று போயிற்று. "நீங்க கொழும்புக்கு மீட்டிங் போவீங்கதானே மிஸ்? ஒரு தடவ அந்த ராத்திரிய பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஊரு பேசுறது பொய்யின்னா எனக்குத் தெரியணும். உண்மையின்னாலும் தெரியணும்" என்றார் அந்தத் தாய்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதே தோட்டத்தில், அதே மண்டபத்தில், முந்திய ஆண்டு நடந்த கூட்டத்தில் நான்தான் அப்படிப் பேசியிருந்தேன். "பெண் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பாதீர்கள். அங்கே இரவு வாழ்க்கை அவர்களைக் கெடுத்துவிடும்" என்று சொல்லியிருந்தேன். வீட்டு வேலைக்குப் போயிருந்த டயகமச் சிறுமி, 16 வயதுப் பிள்ளை, 2021 ஜூலையில் எரிகாயங்களுடன் கொழும்பில் உயிரிழந்த செய்தி என் மனதை விட்டு அகலாத காலம் அது. அச்சத்தில் பேசினேன். ஆனால் சமூகவியல் படித்த நான், கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கக் கூடாது. கொழும்பு எனக்குப் பகலில் மட்டுமே தெரியும். கருத்தரங்கு முடிந்ததும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவள் நான்.

அடுத்த மாதம் ஒரு பயிற்சிக்காக மூன்று நாட்கள் கொழும்பில் தங்க வேண்டியிருந்தது. கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு விடுமுறை கிடைத்த நாளில், மாலை ஆறு மணிக்குப் புறக்கோட்டை பெஸ்டியன் மாவத்தை பஸ் தரிப்பிடத்தில் சந்தித்தோம்.

"அம்மா உங்கள வேவு பாக்க அனுப்பினாங்களா மிஸ்?" என்று சிரித்தபடி கேட்டாள். பொய் சொல்ல மனமில்லாமல் ஆமென்றேன். "அப்ப எல்லாத்தையும் பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புறக்கோட்டையில் கடைகள் இரும்புக் கதவுகளை இறக்கிக்கொண்டிருந்தன. பகலெல்லாம் நடக்க இடமில்லாத குறுக்குத் தெருக்களில் இப்போது கைவண்டிகள் மட்டும் ஓடின. மூட்டை ஏற்றி இழுக்கும் நாட்டாமை ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். பொகவந்தலாவைப் பக்கம். ஐந்து வருடமாகக் கடை மாடியிலேயே படுக்கை. மெனிங் சந்தை இங்கே இருந்த காலத்தில் நள்ளிரவில் நுவரெலியா லொறிகள் வந்து சேரும்போது ஊர்ச் சேதி விசாரிப்பாராம். 2020இல் சந்தையைப் பேலியகொடைக்கு மாற்றியபின் அந்தச் சேதியும் வருவதில்லை என்றார்.

அங்கிருந்து கோட்டைக்கு நடந்தோம். ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடம் 2011இல் புதுப்பிக்கப்பட்டு, உணவகங்களும் கடைகளும் நிறைந்த இடமாக மாறியிருக்கிறது. முற்றத்தில் மேசைகள், மங்கலான விளக்குகள், சங்கீதம், வெளிநாட்டார், நம் நாட்டு வசதியான குடும்பங்கள். தூரத்தில் தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி ஒளிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. கெட்டுப்போன இடம் என்று சொல்ல அங்கே எனக்கு எதுவும் தென்படவில்லை. தோழிகளோடு ஒரு நாள் இப்படி உட்கார்ந்து பேச எனக்கும் ஆசையாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

இப்படியான இடங்களின் சமையலறைப் பக்கத்தை அவள் எனக்கு வாயால் விளக்கினாள். பாத்திரம் கழுவுகிற பையன்கள், வெங்காயம் உரிக்கிற பிள்ளைகள், அறைகளையும் கழிவறைகளையும் துப்புரவு செய்கிற அக்காமார். தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளை என்று ஊர்களை அடுக்கினாள். "மரக்கறியும் நம்ம ஊரு, நறுக்கிற கையும் நம்ம ஊரு மிஸ். முன் வாசல்லதான் நம்மள பாக்க முடியாது."

காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக்கொண்டு நடைபாதையில் அமர்ந்தோம். இந்த நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி, 1859இல் முடித்தார். கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நன்மைக்காக இதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. அதே ஆண்டுகளில்தான் நம் முன்னோர், கைக்குழந்தையோடு வந்த பெண்களும் சேர்த்துத்தான், கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். அந்தப் பாதையில் எத்தனையோ பேர் நோயில் விழுந்து மடிந்தார்கள். காற்று வாங்க ஒரு பாதை. கூலிக்கு ஒரு பாதை. இரண்டிலும் நடந்தவர்கள் பெண்களே. 2022 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தின்போது பெண்கள் இரவிரவாக இந்தத் திடலில் இருந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். கூட்டமும் வெளிச்சமும் இருந்தால் இரவு பெண்ணுக்கும் உரியதாகிறது என்று அன்று எனக்குப் பட்டது.

கொள்ளுப்பிட்டியில் காட்சி மாறியது. சூதாட்ட விடுதிகளின் விளக்குகள் கண்ணைப் பறித்தன. பக்கத்துத் தெருக்களில் 'ஸ்பா' என்று எழுதிய பலகைகள். அவளோடு தங்கியிருந்த ஒரு பிள்ளை, அழகுக்கலை வேலை என்ற விளம்பரத்தை நம்பி அப்படி ஓர் இடத்துக்குப் போய், இரண்டாம் நாளே அடையாள அட்டையைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்தாளாம். ஓடி வர முடியாதவர்களும் உண்டு. சோதனை நடந்தால் முகத்தை மூடிய பெண்களின் படம் பத்திரிகையில் வரும். கூட்டிச் சென்ற தரகரின் படம் வந்து நான் பார்த்ததில்லை.

இது கொழும்பில் மட்டும் நடப்பதல்ல. இந்தியாவின் மும்பையில் மதுச்சாலைகளில் பெண்கள் ஆடுவதை 2005இல் மகாராஷ்டிர அரசு தடை செய்தது. பெண்களின் கௌரவத்தைக் காப்பதாகச் சொல்லப்பட்டது. மதுச்சாலைகள் தொடர்ந்தன, ஆடிப் பிழைத்த பெண்களுக்கு மட்டும் பிழைப்புப் போயிற்று. 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அத்தடை செல்லாது என்றது. இரவைக் குறை சொல்லும்போதெல்லாம் முதலில் தண்டிக்கப்படுபவள் அங்கே வேலை செய்யும் பெண்தான்.

பதினொரு மணிக்குக் கோட்டை ரயில் நிலையப் பக்கம் வந்து, மருதானைக்கு பஸ் தேடினோம். மூடிய கடையொன்றின் படியருகே நின்ற ஒரு பெண் எங்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னோம். "நாங்க எப்பவோ வந்தது" என்றார். தன் தோட்டத்தின் பெயரை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "நேரத்தோட போய்ச் சேருங்க புள்ளைங்களா" என்று மட்டும் சொன்னார். 1841இல் ஆங்கிலேயர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், இந்த நூற்றாண்டிலும் இப்படி வீதியில் நிற்கும் பெண்களைக் கைது செய்யப் பயன்பட்டு வந்திருக்கிறது. அதைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படித்திருந்தேன். அன்றுதான் அதற்கு ஒரு முகத்தைக் கண்டேன்.

மருதானையில் இறங்கி அவளுடைய போர்டிங்குக்கு ஒரு ஒழுங்கை வழியே நடந்தோம். வேலை நாட்களில் ஹோட்டல் வான் அவளைச் சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து பத்து நிமிடம் தனியே நடக்க வேண்டும். இரண்டு விளக்குக் கம்பங்களில் ஒன்று எரியவில்லை. பாதி வழியில் சீருடை அணிந்த ஒருவர் எங்களை நிறுத்தி, இந்நேரத்தில் எங்கே போகிறோம், எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். கேட்ட விதமும் பார்வையும் நன்றாக இல்லை. நான் நிறுவனத்தின் அடையாள அட்டையை நீட்டினேன். குரல் உடனே மாறியது. "போங்க மிஸ்" என்றார். அவள் கையில் தோட்ட முகவரி போட்ட தேசிய அடையாள அட்டை மட்டுமே இருந்தது.

"தனியா வரும்போதும் இப்படிக் கேப்பாங்களா?" என்றேன்.

"அதான் ஓடி வந்துடுவேன்" என்றாள். நாளெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், போர்டிங் கதவைத் திறக்கும்வரை அதற்குப்பின் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயைத் தேடிப் போனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தார். "அக்கா, உங்க மக செய்றது நேர்மையான வேலை. மேசை தொடைக்கிறா, சாப்பாடு எடுத்துக் குடுக்கிறா. நான் பாத்துட்டேன்" என்றேன். அவர் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நிதானமாக, "எத்தன மணிக்கு ரூமுக்குப் போறா? யாரு கூடப் போறா?" என்று கேட்டார். அந்தப் பத்து நிமிட வழியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப நாம அதப் பத்தித்தானே மிஸ் பேசணும்? வேல நல்லதா கெட்டதான்னு பேசி என்ன பண்ண?" என்றவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலும் சொன்னார்: "இன்னொன்னு. இத எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. போன வருசம் எந்த எடத்துல நின்னு பேசினீங்களோ, அங்கேயே நின்னு சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். நான் பேசியது தவறு என்று எல்லோர் முன்னும் சொல்வது இலகுவாக இருக்கவில்லை. சொன்ன பிறகுதான் வேறு ஐந்து தாய்மார் தங்கள் பிள்ளைகளும் இரவு வேலை செய்வதாக வாய் திறந்தார்கள். அதுவரை எல்லோருமே "கடையில நிக்கிறா" என்று சொல்லி வந்திருக்கிறார்கள். மறைக்க வேண்டியிருந்ததால், பிள்ளைக்கு ஒரு சிக்கல் என்றாலும் அவர்களால் யாரிடமும் கேட்க முடியவில்லை. வெட்கம் என்று நாம் கட்டிய சுவர், தரகருக்கும் அநியாய முதலாளிக்கும்தான் பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

எனவே சகோதரிகளே, போகாதே என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். போகுமுன் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். வேலையிடத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் வீட்டில் எழுத்தில் இருக்கட்டும். நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால், முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் அவரே கட்ட வேண்டும். தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதியை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். தொழிற்சாலை என்றால், 1984இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி பெண்ணை இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒன்றரை மடங்கு சம்பளம், பெண் பொறுப்பாளர், ஓய்வறை வேண்டும். மாதத்தில் பத்து இரவுகளுக்கு மேல் கூடாது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வீட்டு வேலைக்கு அனுப்பவே கூடாது. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற உதவி எண்களைப் பிள்ளையின் தொலைபேசியில் பதிந்து கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்து படுக்குமிடம் வரை எப்படி வருவாய் என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளையும் அவளோடு வேலை செய்த மூன்று பேரும் சேர்ந்து நிர்வாகத்திடம் பேசினார்கள். முதலில் மறுப்பு. தனித்தனியே போகாமல் நால்வரும் மறுபடியும் ஒன்றாகப் போய் நின்றார்கள். சில வாரங்களின் பின் வான் ஒழுங்கைக்குள் வரத் தொடங்கியது. எரியாத விளக்கு எரிந்ததாக இன்னும் செய்தி வரவில்லை.

இப்போதும் ஒவ்வோர் இரவும் போர்டிங் கதவைப் பூட்டியதும் அவள் அம்மாவுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கிறாள். லயத்து அறையில் அந்த மணி ஒருமுறை அடித்து நின்றபிறகுதான் அந்தத் தாய் படுக்கிறார். காலையில் அவர் மலைக்குப் போக வேண்டும்.